சுத்தமா ஒளிரல

ஜுலைகா மேடம் இறந்துவிட்டார் என்ற செய்தி எனக்கு ஒரு படமாக வந்தது. போனில், ஏதோ ஒரு குரூப்பில். நாலு மூலையிலும் ரோஜாப்பூ. நடுவில் எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய அவருடைய பழைய போட்டோ. முக்காட்டின் ஒரு பக்கத்தையே கத்தரித்துத் தள்ளியிருந்தார்கள். அதற்குக் கீழே கைகூப்பியபடி இன்னொரு முகம், அவருடையதைவிடப் பெரியதாக. ‘எங்கள் மண் சுத்தமானது என்று ஊருக்குச் சொன்ன விஞ்ஞானித் தாய்க்குக் கண்ணீர் அஞ்சலி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

சீ என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். அப்புறம்தான் அவர் செத்துப்போனார் என்பதே மண்டையில் ஏறியது. வேண்டிய ஒருவர் போய்விட்ட சேதியைப் படித்தால் அழுகை வரவேண்டும். எனக்கு முதலில் வந்தது குமட்டல். அந்த அளவுக்கு என்னைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவருடைய தம்பி அன்சாரி பேசினார். “வேலு அண்ணே, அக்கா மௌத்தாயிட்டாங்க. விடியக்காலைல. சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். வந்துடுங்க.” போனை வைத்துவிட்டார்.

டாக்டர் ஜுலைகா பேகத்தைத் தெரியாதவர்களுக்காக முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தில் எழுதியிருந்தது பொய். தட்டாஞ்சாவடியில் இருக்கும் ஒரு பழைய பட்டறை இடத்தின் மண் சுத்தமானது என்று அவர் சொல்லவே இல்லை. அவர் பேசிய ஒரு வாக்கியத்தைப் பாதியில் அறுத்து, அறுத்த துண்டை அவர் வாயிலேயே திருப்பித் திணித்தார்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்தார்கள். செத்த பிறகும் விடவில்லை. அஞ்சலிக் கட்டுரையில் இவ்வளவு காரம் ஆகாது என்று சிலருக்குத் தோன்றலாம். தோன்றட்டும். அவரோடு சேர்ந்து வேலை செய்தவன் நான். எனக்கு இப்படித்தான் எழுத வருகிறது.

மேடம் பிறந்தது வளர்ந்தது எல்லாம் புதுச்சேரி டவுனில்தான். அவருடைய அத்தா பெயிண்ட் கடை வைத்திருந்தார். “தின்னர் வாசனையிலதான் நான் எழுத்துக்கூட்டிப் படிச்சேன்” என்பார். வேதியியல் படித்தார். எந்தப் பொருள் எந்த ஒளி பட்டால் எப்படி ஒளிரும் என்பதில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்த வந்தார். நான் அங்கே கருவியியல் ஆசிரியன்.

வந்த புதிதிலேயே வம்பு. ஆசிரியர் அறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். மேடம் சன்னல்களைச் சாத்திவிட்டுக் கைப்பையிலிருந்து புற ஊதா டார்ச் ஒன்றை எடுத்து எங்கள் சட்டைகள்மேல் அடித்தார். வெள்ளைச் சட்டை போட்டவர்கள் எல்லோரும் நீலமாக மினுங்கினார்கள். அதிகமாக மினுங்கியவர் எங்கள் முதல்வர். “சார், உங்க சட்டை வெள்ளை இல்ல. சோப்புத்தூள்ல கலக்குற மருந்துதான் வெள்ளையா காட்டுது. துணியில அழுக்கு அப்படியே இருக்குது” என்றார் மேடம். நாங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தோம். முதல்வர் அதற்குப் பிறகு அவரிடம் நெடுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மேடத்தின் குணம் அதுதான். சில பேருக்குப் பொய்யைக் கேட்டால் கோபம் வரும். அவருக்கு அருவருப்பு வரும். தட்டில் முடி கிடந்தால் முகம் எப்படிச் சுருங்குமோ அப்படிச் சுருங்கும். ஆலை வாசலில் ‘பசுமை எங்கள் மூச்சு’ என்ற பலகையைப் பார்த்துவிட்டால் போதும், “வண்டிய எடுங்க வேலு, எனக்கு வாந்தி வருது” என்பார். விளையாட்டுக்குச் சொல்வதில்லை.

இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டுத் தட்டாஞ்சாவடியில் ஒரு ஷெட் பிடித்தோம். நிலத்துக்கு அடியில் கசிந்து பரவியிருக்கும் எண்ணெயைக் கண்டுபிடித்துச் சொல்வது எங்கள் தொழில். அதற்கு ஒரு சென்சார் வைத்திருந்தோம். கடப்பாரைப் பருமனில் இரும்புத் தண்டு. அதன் நுனிக்குச் சற்று மேலே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கண்ணாடிச் சன்னல். தண்டை வண்டியில் பூட்டி மண்ணுக்குள் அழுத்துவது என் வேலை. சன்னல் வழியாகக் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி மண்ணில் படும். அங்கே டீசலோ பெட்ரோலோ இன்ஜின் ஆயிலோ ஊறியிருந்தால் அது பதிலுக்கு ஒளிரும். அந்த வெளிச்சம் கண்ணாடி இழை வழியாக மேலே ஏறி லேப்டாப் திரையில் கோடாக எழும். எந்த ஆழத்தில் எண்ணெய் இருக்கிறது, எதுவரை பரவியிருக்கிறது என்பதெல்லாம் தோண்டாமலே தெரிந்துவிடும். அந்தக் கோட்டைப் படிப்பது மேடத்தின் வேலை.

எங்களுக்குக் கிடைத்த முதல் வேலை காலாப்பட்டுப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில். படகுகளுக்கு டீசல் வைத்திருந்த கொட்டகையில் கசிவு இருக்குமோ என்று சந்தேகம். தண்டை இறக்கியதும் கோடு விறுவிறுவென்று மேலே போனது. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் “ஆயிலு! அடியில ஆயிலு கீது!” என்று கத்திவிட்டார். அவ்வளவுதான். குப்பத்துக்கு அடியில் எண்ணெய்க் கிணறு இருப்பதாகவே முடிவு செய்துவிட்டார்கள். ஒரு பெரியவர் தன் வீட்டு மனையை இனி எவனுக்கும் விற்கமாட்டேன் என்று அங்கேயே அறிவித்தார்.

மேடம் திரையைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். அதே இடத்தில் மண்ணை எடுத்துவரச் சொல்லி உள்ளங்கையில் கொட்டிக் கிளறினார். “சிப்பி. உடைஞ்ச சிப்பி. அதுல இருக்கிற சுண்ணாம்பும் ஒளிரும். டீசலும் இல்ல, கிணறும் இல்ல. போய் வேலையப் பாருங்க.”

“ஒரு நாளாச்சும் நாங்க குவைத்தா இருந்துட்டுப் போறோமே டாக்டரம்மா, உனக்கு இன்னா நஷ்டம்?” என்றார் அந்தப் பெரியவர். மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் சொன்னார்: “வேலு, இந்தக் கருவி பொய் சொல்லாது. ஆனா நாம கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லும். நாம என்ன கேட்டோம்னு மறந்துட்டா போச்சு.” அன்றைக்கு அது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை.

பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருந்ததால் போகிற இடமெல்லாம் அவரிடம் காய்ச்சல் மாத்திரை கேட்பார்கள். “நான் மண்ணுக்கு டாக்டருங்க” என்பார். அப்படியும் விடமாட்டார்கள். கடைசியில் கைப்பையில் எப்போதும் நாலு மாத்திரை வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்.

இனி அந்த இடத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஷெட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு பட்டறை இருந்தது. இரும்புச் சாமான்களைக் கழுவிப் பிசுக்கெடுத்து அனுப்புகிற பட்டறை. எப்போதோ மூடிவிட்டார்கள். முன்பக்கம் ஜெனரேட்டருக்கு டீசல் தொட்டி. பின்பக்கம் டிரம்கள் அடுக்கிய கொட்டகை. டிரம்களில் இருந்தது பிசுக்கெடுக்கிற திரவம். அங்கே வேலை பார்த்தவர்கள் அதை ‘மருந்து’ என்றுதான் சொல்வார்கள். பின்சுவரை ஒட்டினாற்போல் ஒரு தெரு. ஒரு காலத்தில் மில் வேலைக்குப் போன குடும்பங்கள். மில் போன பிறகு ஆளுக்கொரு வேலை. தெருவுக்குப் பொதுவாக ஒரு போர்வெல், அதற்கு ஒரு மோட்டார். அந்தத் தண்ணீரில் வாடை அடிக்கிறது என்று குடிப்பதை நிறுத்தியிருந்தார்கள். மெயின் ரோட்டுக் குழாயில் போய்க் குடம் குடமாகச் சுமந்து வந்தார்கள்.

அந்தத் தெருவில் தேவகி என்றொரு அம்மாள். மில்லில் நூல் பிரிவில் இருந்தவர், இப்போது ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். தண்ணீர் விஷயமாக முதலில் எங்கள் ஷெட்டுக்கு வந்து கேட்டவர் தேவகிதான். “எங்க போர் தண்ணிய கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க டாக்டரம்மா. குடிக்கலாமா, கூடாதா. அது ஒண்ணுதான் எங்களுக்கு வேணும்.”

பட்டறை மண்ணில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சுவருக்கு உள்ளே கால் வைக்க அனுமதி வேண்டுமே. அதற்குள் பட்டறை இடத்தை ஒருவர் வாங்கியிருந்தார், அடுக்குமாடி கட்டுவதற்காக. அஞ்சலிப் படத்தில் கைகூப்பி நின்றவர் இவர்தான். அவர் பெயரை எழுதி இந்தக் காகிதத்தை அழுக்காக்க எனக்கு விருப்பமில்லை. மேடம் அவருக்கு வைத்த பெயர் ‘சென்ட் பாட்டில்’. அவர் வந்து போன பிறகும் வாசனை எங்கள் ஷெட்டில் நின்றுகொண்டிருக்கும். மண்ணைச் சோதித்துக்கொடுங்கள் என்று அவரும் எங்களிடமே வந்தார். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தோம்.

சோதனை அன்று தெருக்காரர்கள் சுவர் ஓரமாக வரிசையாக நின்றார்கள். தேவகியும் மகளும் முன்னால். சென்ட் பாட்டில் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய ஆள் ஒருவன் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

முன்பக்கம் தண்டை இறக்கினேன். கோடு எகிறியது. “டீசல். சந்தேகமே இல்ல” என்றார் மேடம். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தோண்டி அள்ளிவிடலாம் என்று சென்ட் பாட்டிலும் தலையாட்டினார்.

பின்பக்கம், டிரம் கொட்டகை இருந்த இடத்தில் இறக்கினேன். கோடு படுத்தே கிடந்தது. அசையவே இல்லை. இடம் மாற்றி மாற்றி இறக்கியும் அதே கதைதான். தண்டை வெளியே இழுத்தபோது மேடம் குனிந்து அதன் நுனியை முகர்ந்தார். “இனிப்பா ஒரு வாடை வருதே. உங்களுக்கு வருதா?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். எனக்கு வரவில்லை. மேடத்துக்கு வந்தது. தின்னரோடு வளர்ந்த மூக்கு.

“என்னம்மா, பின்பக்கம் எப்படி? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க” என்றார் சென்ட் பாட்டில்.

மேடம் நிமிர்ந்து, சத்தமாக, நாம் வீட்டில் பேசுகிற தமிழிலேயே சொன்னார்: “முன்பக்கம் டீசல் இருக்குது. பின்பக்கம் சுத்தமா ஒளிரல. ஆனா...”

அந்த ‘ஆனா’வை யாரும் கேட்கவில்லை. அதற்குள் கைதட்டல். ஒரு பையன் விசில் அடித்தான்.

நம் பேச்சில் இந்தச் சொல் எப்படிப் புழங்குகிறது என்று உங்களுக்கே தெரியும். சுத்தமா மறந்துட்டேன் என்கிறோம். சுத்தமா தூக்கம் வரல என்கிறோம். அறவே, துளிகூட என்று அர்த்தம். மேடம் சொன்னது, பின்பக்கம் துளிகூட ஒளிரவில்லை என்று. தெரு கேட்டது, பின்பக்கம் சுத்தமாக இருக்கிறது, ஒளிரவில்லை என்று. குடம் சுமந்து தோள் கழன்றுபோன ஜனங்கள். அவர்கள் காதில் வேறு எப்படி விழும்? நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

“இருங்க! முழுசா கேளுங்க!” என்று மேடம் கத்தினார். “அங்க வேற மருந்து ஊறியிருக்கலாம். பிசுக்கு கலக்காத புது மருந்து இந்த ஒளிக்கு ஒளிராது. என் கருவிக்கு அது கண்ணுல படாது. தண்ணிய தனியா லேப்ல குடுத்துப் பாக்கணும்!” யார் கேட்டார்கள்? தேவகி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சென்ட் பாட்டில் மட்டும் கேட்டார். அவர் நாற்காலி மேடத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஒரு வார்த்தை விடாமல் கேட்டார், நான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் தெரு முழுக்க அந்த வீடியோ. ‘பின்பக்கம் சுத்தமா’ என்பதோடு வெட்டியிருந்தார்கள். வாய் திறந்தபடி மேடத்தின் முகம் அப்படியே உறைந்து நிற்க, பின்னணியில் நாதஸ்வரம். த்தூ! கல்யாண வீட்டு நாதஸ்வரத்தைக் கொண்டுபோய் அங்கே போட்டிருந்தான். மேடம் அதை ஒருமுறை பார்த்தார். போனை என்னிடம் நீட்டிவிட்டுப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

தெருவில் மோட்டார் மறுபடி ஓட ஆரம்பித்தது.

மேடம் வீடு வீடாகப் போனார். நானும் கூடப் போனேன். தேவகி வீட்டு வாசலில் நடந்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

“நீங்கதான சொன்னீங்க, சுத்தமா கீதுன்னு? என் காதால கேட்டேன்.”

“நான் சொன்னது வேற, தேவகி. வெளிச்சம் வரலன்னு சொன்னேன்.”

“வெளிச்சம் வரலன்னா நல்லதுதான?”

“நல்லதுன்னு சொல்ல முடியாது.”

“அப்ப கெட்டதா?”

“அதுவும் இப்ப தெரியாது. தண்ணிய டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும்.”

“இன்னா டாக்டரம்மா இது, நல்லதும் இல்லன்றீங்க கெட்டதும் இல்லன்றீங்க. என் பொண்ணு மாசமா கீறா. நான் கேக்குறது ஒண்ணுதான். குடிக்கலாமா, வேணாமா?”

“கையில ஆதாரம் இல்லாம நான் எதையும் சொல்ல மாட்டேன்” என்றார் மேடம்.

“அப்ப இன்னாத்துக்கு வந்தீங்க?” என்றார் தேவகி. திட்டவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். உள்ளே அடுப்பில் அந்தத் தண்ணீரில்தான் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

தண்ணீரைச் சோதிக்க மேடம் பட்ட பாட்டை எழுதினால் அதற்கே தனிப் புத்தகம் வேண்டும். ஓர் இடத்தில், நிலத்துக்காரர் கேட்டால்தான் சோதிப்போம் என்றார்கள். நிலத்துக்காரர் யார்? சென்ட் பாட்டில். இன்னோர் இடத்தில், நீங்களே சுத்தம் என்று சொன்ன வீடியோ இருக்கிறதே, பிறகு எதற்கு அம்மா சோதனை என்று சிரித்தார்கள். ஏசி அறையில் உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டே சிரித்தார்கள். மேடம் அங்கேயே எழுந்து வெளியே வந்து மரத்தடியில் நின்று ஓங்கரித்தார். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கவில்லை. கடைசியில் வெளியூரில் ஒரு லேப் தண்ணீரை வாங்கிக்கொண்டது. அவர்களிடமும் ஏகப்பட்ட மாதிரிகள் வரிசையில் நிற்கின்றன. இதை எழுதும் நேரம்வரை முடிவு வரவில்லை.

அந்த நாட்களில்தான் மேடம் ‘சுத்தமா’ என்ற அந்தச் சொல்லைப் பேசுவதையே விட்டுவிட்டார். மறந்துட்டேன் என்றால் ‘முழுசா மறந்துட்டேன்’ என்பார். பிடிக்கவில்லை என்றால் ‘கொஞ்சங்கூட பிடிக்கல’. அன்சாரி வேண்டுமென்றே வம்புக்கு இழுப்பார். “அக்கா, பாத்திரம் எப்படி இருக்குது?” “கழுவியிருக்குது.” “வீடு?” “கூட்டியிருக்குது.” “உங்க மனசு?” “போடா அந்தாண்ட.” அந்தப் பேச்சுக்கு நாங்கள் சிரித்திருக்கிறோம். மேடமும் சிரித்தார்.

ஒருநாள் நெஞ்சுவலி என்று மேடத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது டாக்டர் வந்து பசி எடுக்குதா என்று கேட்டார். “கொஞ்சங்கூட இல்ல” என்றார் மேடம். என்னைப் பார்த்து லேசாகக் கண்ணைச் சிமிட்டினார்.

டாக்டர் போன பிறகு என்னைக் கிட்டே வரச் சொன்னார். “வேலு, அந்தத் தேவகி கேட்டாங்களே. நான் பதில் சொல்லியிருக்கணும்.”

“உங்களுக்குத் தெரியாததத் தெரியாதுன்னு சொன்னீங்க மேடம். அதுல என்ன தப்பு?”

“நான் தெரியாதுன்னு சொன்னா அவங்களுக்கு ஆபத்தில்லன்னு கேக்குது. காலேஜ்ல பாடம் எடுக்கிற மாதிரி காரணத்த முதல்ல சொல்லி, முடிவக் கடைசில சொன்னேன். கடைசிவரைக்கும் யாரு நிக்கிறாங்க? அவங்க கேட்டது காரணத்தையா? குடிக்கலாமான்னுதான கேட்டாங்க? இனிமே யாரு கேட்டாலும், குடிக்காதீங்கன்னு முதல்ல சொல்லுங்க. மிச்சத்த அப்புறம் சொல்லுங்க. வெளிய போனதும் நானே போய் தேவகிகிட்ட சொல்லணும்.”

வெளியே வரவில்லை. அடுத்த நாள் விடியக்காலையில் போய்விட்டார்.

அடக்கத்துக்குச் சென்ட் பாட்டிலும் வந்தார். கூடவே மலர் வளையம், போட்டோகிராபர். மேடத்தைக் கிடத்தியிருந்த ஜனாஸாவைத் தூக்க எல்லோரும் ஆயத்தமாக நிற்கிற நேரத்தில், வளையத்தை எங்கே வைப்பது என்று கேட்டுக்கொண்டு முண்டியடித்து வந்தார். அன்சாரி மரியாதையாகத்தான் சொன்னார்: “எங்க வழக்கத்துல மாலையெல்லாம் இல்லைங்க.” “பரவாயில்ல, ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்குறோம்” என்றார் அந்த மனுஷன். வெட்கம், மானம் என்றெல்லாம் சிலவற்றை ஆண்டவன் மனிதனுக்குக் கொடுத்திருக்கிறான். இந்த ஆளுக்குக் கொடுக்கும்போது தீர்ந்துபோயிருக்கும். ஜமாத்துப் பெரியவர்கள் முறைத்த பிறகுதான் நகர்ந்தார். வளையத்தை வண்டியில் ஏற்றித் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள்.

கொஞ்ச நாளில் அதைவிடக் கேவலம் வந்தது. அந்தத் தெருவில், அந்தப் போரிலேயே புது மோட்டார் மாட்டி, டைல்ஸ் ஒட்டிய ஒரு தொட்டி கட்டியிருந்தார். தொட்டியில் ‘டாக்டர் ஜுலைகா பேகம் நினைவுக் குடிநீர்’ என்று எழுதியிருந்தது. திறப்பு விழாவோடு நினைவஞ்சலிக் கூட்டமாம். எந்தத் தண்ணீரை நினைத்து அவர் தூக்கமில்லாமல் கிடந்தாரோ அந்தத் தண்ணீருக்கு அவர் பெயர்! அன்சாரியைக் கூப்பிட்டார்களாம். “நான் வரல அண்ணே, வந்தா கை நீண்டுடும்” என்றார். நான் போனேன்.

பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். மைக்குக்கு மோட்டார் அறையிலிருந்து ஒயர் இழுத்திருந்தார்கள். தெருவே கூடியிருந்தது. பெண்கள் குடத்தோடு வந்திருந்தார்கள், திறந்ததும் பிடித்துக்கொள்ளலாமே என்று. சென்ட் பாட்டில் மைக்கைப் பிடித்தார். அந்த அம்மையார் தனக்குத் தாய் மாதிரி என்றார். மேடத்துக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான் இருக்கும். இந்த மண்ணைத் தொட்டுப் பார்த்துச் சுத்தம் என்று சொன்ன தெய்வம் என்றார். தொண்டை கம்முவதுபோல் செய்தார். எனக்கு வாயெல்லாம் உமிழ்நீர் ஊறியது. காறித் துப்பிவிடுவேனோ என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் தேவகி. காலியான குடம் மடியில். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் சாய்ந்து கேட்டார்: “அண்ணே, பொண்ணுக்கு ஒன்பது மாசம் முடியப்போவுது. நீங்களாவது சொல்லுங்க. இந்தத் தண்ணி குடிக்கலாமா?”

“குடிக்காதீங்க” என்றேன்.

அதை முதலில் சொன்னேன். சொல்லிவிட்டு நிறுத்தினேன். தேவகி என்னையே பார்த்தார். அதற்குப் பிறகு மிச்சத்தைச் சொன்னேன். பின்பக்கம் டிரம்களில் இருந்த மருந்து கீழே இறங்கியிருக்கலாம், மேடம் மூக்குக்கு வாடை தெரிந்தது, லேப் முடிவு வரவில்லை, வரும்வரை யாரும் வாயில் வைக்கக் கூடாது.

“டாக்டரம்மா சொன்னாங்களா, நீங்களா சொல்றீங்களா?”

“அவங்க சொன்னது. உங்ககிட்ட நேர்ல வந்து சொல்லணும்னு இருந்தாங்க. முடியாம போயிடுச்சு.”

தேவகி குடத்தை என்னிடம் கொடுத்தார். எழுந்து, பந்தலுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு நடந்தார். எங்கே போகிறார் என்று எனக்குப் புரியவில்லை. மேடையில் பேச்சு உச்சத்தில் இருந்தது. “அந்தத் தாய் இன்று நம்மிடையே...” என்றபோது மைக் செத்தது. சென்ட் பாட்டில் அதைத் தட்டினார், ஊதினார். உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை.

மோட்டார் அறையிலிருந்து தேவகி வந்தார். கையில் பீங்கான் ஃபியூஸ் கட்டை.

“பீஸப் புடுங்கிட்டேன்” என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “யாரும் தண்ணி புடிக்காதீங்க. இது குடிக்கிற தண்ணி இல்ல.”

கூட்டத்தில் சலசலப்பு. சென்ட் பாட்டில் மேடையை விட்டு இறங்கி வந்தார். “என்னம்மா இது அசிங்கம் பண்றே? அந்தம்மாவே சொல்லிச்சே சுத்தமா இருக்குதுன்னு. நீயும்தானே நின்னு கேட்டே?”

“கேட்டேன். தப்பா கேட்டுட்டேன்” என்றார் தேவகி. “நீங்க பக்கத்துலயே குந்திக்கினு இருந்தீங்க. நீங்க தப்பா கேக்கல.”

அந்த ஆள் கைக்குட்டையைத் தேடிப் பாக்கெட்டைத் தடவினார். பெண்கள் ஒவ்வொருவராகக் குடத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பந்தலில் நாற்காலிகள்தான் மிச்சம். போகிறபோது தேவகி என்னிடம் குடத்தை வாங்கிக்கொண்டார். ஃபியூஸ் கட்டையை இடுப்பில் செருகிக்கொண்டார். மெயின் ரோட்டுக் குழாய்ப் பக்கம் நடந்தார்.

அன்றைக்கு அன்சாரி வீட்டுக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர், “அக்கா படுத்திருக்கிற கபர அல்லாஹ் வெளிச்சமாக்கி வைக்கணும். நீங்களும் துஆ செய்ங்கண்ணே” என்றார். நான் வேறு மதத்துக்காரன். எனக்குத் தெரிந்த விதத்தில் கையெடுத்து வேண்டிக்கொண்டேன். அன்றுதான், அந்தப் படம் வந்த நாளிலிருந்து முதல்முறையாக, எனக்கு அழுகை வந்தது.

மேடம், நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள். உங்கள் பெயரை நம்பி அந்தத் தொட்டியிலிருந்து இன்றுவரை ஒருவரும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.